நேரலைத் தொலைக்காட்சி நான்கு நிமிடத்தில் உறைந்துவிடுகிறது: காரணம் என்னவாக இருக்கும்?

கேள்வி

வணக்கம். ஆன்டெனாவில் கிடைக்கும் சேனல்களை வீட்டு நெட்வொர்க் வழியாகப் பார்ப்பதற்கு ஒரு நெட்வொர்க் ட்யூனரைப் பயன்படுத்துகிறேன். அது ஒவ்வொரு சேனலையும் 239 என்று தொடங்கும் மல்டிகாஸ்ட் (ஒரே ஸ்ட்ரீமைக் கேட்கும் எல்லாச் சாதனங்களுக்கும் சேர்த்து அனுப்பும் முறை) முகவரியில் அனுப்புகிறது. ட்யூனர், ரவுட்டர், கணினி, கூடத்து டிவி பாக்ஸ் ஆகியவை ஒரே ஸ்விட்சில் கேபிள் வழியாக இணைந்துள்ளன. படுக்கையறை பாக்ஸ் மட்டும் வைஃபையில் இருக்கிறது. பழைய சாதாரண ஸ்விட்சை எடுத்துவிட்டு அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய மேனேஜ்டு ஸ்விட்ச் ஒன்றைப் பொருத்திய பிறகுதான் இந்தத் தொல்லை தொடங்கியது.

சேனலை வைத்தவுடன் படம் பளிச்சென்று வருகிறது. ஆனால் நான்கு நிமிடம் கடந்த சற்று நேரத்தில் படம் அப்படியே உறைந்துவிடுகிறது. வேறு சேனலுக்குப் போய்த் திரும்பி வந்தால் மறுபடியும் அதே அளவு நேரம் ஓடுகிறது. கணினியில் விஎல்சி பிளேயரில் திறந்தாலும் இதே கதைதான். கணினியில் பதிவு செய்து வைத்த நிகழ்ச்சிகளோ அதே பாக்ஸில் தடங்கலின்றி ஓடுகின்றன. படுக்கையறையில் நான்கு நிமிடம்கூடத் தாங்குவதில்லை. தொடக்கத்திலிருந்தே படம் கட்டங்கட்டமாக உடைகிறது. பழைய ஸ்விட்ச் இருந்த காலத்திலும் அங்கே இப்படித்தான். கேபிள்களை மாற்றியும், ட்யூனரை ரீசெட் செய்தும் பயனில்லை.

முதல் பதில்

இரண்டு சாதனங்களுக்கு ஒரே ஐபி முகவரி போயிருக்கிறதா என்று ரவுட்டரின் பட்டியலில் பாருங்கள். ட்யூனருக்கு நிலையான முகவரி ஒதுக்கிவிடுவது எப்படியும் நல்லது. ஆன்டெனா சிக்னலின் தரத்தையும் ட்யூனரின் பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

இரண்டாவது பதில்

முகவரி மோதலோ பலவீனமான சிக்னலோ இப்படிக் கடிகாரம் பார்த்து வேலை செய்யாது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நிற்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் இதில் முக்கியமான தடயம். கைக்கடிகாரத்தை வைத்து அளந்து பாருங்கள். 260 நொடிக்கு அருகில் வந்தால், ஸ்விட்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (எந்தச் சாதனம் எந்த ஸ்ட்ரீமைக் கேட்கிறது என்று கவனிக்கும் வசதி) ஆன் ஆகியிருக்கிறது, ஆனால் நெட்வொர்க்கில் குவெரியர் (ஸ்ட்ரீம் இன்னும் வேண்டுமா என்று அவ்வப்போது விசாரிக்கும் சாதனம்) எதுவும் இல்லை என்றே கொள்ளலாம்.

நடப்பது இதுதான். சேனலை மாற்றும்போது பாக்ஸ் "இந்த ஸ்ட்ரீம் எனக்கு வேண்டும்" என்று ஐஜிஎம்பி வழியாக ஒரு செய்தி அனுப்புகிறது. ஸ்விட்ச் அதைக் கவனித்து, அந்த போர்ட்டுக்கு மட்டும் ஸ்ட்ரீமைத் திறந்துவிடுகிறது. அதன்பின் பாக்ஸ் தானாக மறுபடி கேட்பதில்லை, குவெரியர் 125 நொடிக்கு ஒருமுறை "இன்னும் யாருக்கு வேண்டும்?" என்று விசாரிக்கும்போதுதான் பதில் சொல்லும். வருகைப் பதிவு எடுக்க ஆசிரியரே வராத வகுப்பில், உட்கார்ந்திருக்கும் மாணவர்களின் பெயரையும் அடித்துவிடுவதைப் போல, விசாரிப்பவர் இல்லாத நெட்வொர்க்கில் ஸ்விட்ச் அந்தப் பதிவை நீக்கிவிடுகிறது. இரண்டு விசாரணை இடைவெளிகளும் பதிலுக்கான 10 நொடியும் சேர்ந்ததே அந்த 260 நொடி. பழைய ஸ்விட்ச் எதையும் கவனிக்காமல் எல்லா போர்ட்டுக்கும் அனுப்பிக்கொண்டிருந்ததால் இந்தச் சிக்கல் வெளியே தெரியவில்லை. பதிவு செய்த நிகழ்ச்சிகள் நேரடியாக அந்த ஒரு பாக்ஸுக்கே போகின்றன. ஆகவே அவற்றுக்கு ஸ்னூப்பிங்கால் பாதிப்பில்லை.

உறுதி செய்துகொள்ள, கணினியில் வயர்ஷார்க்கை (நெட்வொர்க்கில் வரும் செய்திகளைக் காட்டும் மென்பொருள்) திறந்து ஐஜிஎம்பி செய்திகளை மட்டும் வடிகட்டி ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். 224.0.0.1 என்ற முகவரிக்கு விசாரணைச் செய்தி எதுவும் வராவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை.

மூன்றாவது பதில்

இவ்வளவு சிரமம் எதற்கு? ஸ்னூப்பிங்கை ஆஃப் செய்தாலே படம் நிற்காது.

இரண்டாவது பதிலை எழுதியவர்

சோதனைக்காகச் சிறிது நேரம் ஆஃப் செய்து பார்ப்பதில் தவறில்லை. நிரந்தரமாக அப்படியே விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எல்லா ஸ்ட்ரீம்களும் எல்லா போர்ட்டுக்கும் போகும். வைஃபை கருவிக்குள்ளும் நுழைந்து, அங்கே மற்ற எல்லாவற்றையும் மெதுவாக்கிவிடும்.

கேட்டவர்

அளந்து பார்த்தேன்; 260 நொடியை ஒட்டியே நிற்கிறது. வயர்ஷார்க்கில் பாக்ஸ் அனுப்பிய கோரிக்கைகள் தெரிந்தன, விசாரணை ஒன்றுகூட வரவில்லை. ஸ்விட்சின் அமைப்புப் பக்கத்தில் குவெரியரை ஆன் செய்ததும் விசாரணைகள் வரத் தொடங்கின. ஆனால் அனுப்புநர் முகவரி 0.0.0.0 என்று காட்டுகிறது. கணினியில் படம் நிற்காமல் ஓடுகிறது. கூடத்து பாக்ஸ் மட்டும் பழையபடி உறைகிறது.

இரண்டாவது பதிலை எழுதியவர்

சில சாதனங்கள் 0.0.0.0 என்ற முகவரியிலிருந்து வரும் விசாரணையைப் பொருட்படுத்துவதில்லை. ரவுட்டர் தானாக வழங்கும் முகவரி வரம்புக்கு வெளியே, ஆனால் அதே சப்நெட்டில் (வீட்டு நெட்வொர்க்கின் முகவரித் தொகுப்பில்), ஒரு நிலையான ஐபியை ஸ்விட்சுக்குக் கொடுத்து, குவெரியருக்கும் அதையே குறிப்பிடுங்கள். பிற்காலத்தில் ரவுட்டரிலும் குவெரியர் ஆன் ஆனால் கவலை வேண்டாம். இரண்டில் சிறிய ஐபி எண் உடையதே பொறுப்பை ஏற்கும், மற்றது ஒதுங்கிக்கொள்ளும்.

படுக்கையறைச் சிக்கல் முற்றிலும் வேறு. வைஃபையில் மல்டிகாஸ்ட் பாக்கெட் போய்ச் சேர்ந்ததா என்று எந்தச் சாதனமும் ஒப்புகை அனுப்புவதில்லை. எனவே தொலைந்தது தொலைந்ததுதான், மறுபடி வராது. தவிர, எல்லோருக்கும் எட்டவேண்டும் என்பதற்காக அது பெரும்பாலும் மிகக் குறைந்த வேகத்திலேயே அனுப்பப்படுகிறது. உங்கள் வைஃபை கருவியில் மல்டிகாஸ்டை யூனிகாஸ்டாக (ஒரே சாதனத்துக்கு மட்டும் அனுப்பும் முறை) மாற்றும் வசதி இருந்தால் அதை ஆன் செய்யுங்கள். இல்லையென்றால், கணினியில் யுடிபிஎக்ஸ்ஒய் போன்ற மென்பொருளை ஓடவிட்டு, ஸ்ட்ரீமை எச்டிடிபியாக (இணையப் பக்கங்கள் வரும் அதே முறை) மாற்றி அந்த பாக்ஸுக்குக் கொடுக்கலாம். கேபிள் இழுக்க வழி இருந்தால் இவை எதுவுமே தேவையில்லை.

கேட்டவர்

நிலையான ஐபி கொடுத்ததும் கூடத்து பாக்ஸ் சரியாகிவிட்டது. வைஃபை கருவியில் நீங்கள் சொன்ன வசதி இல்லாததால் கணினி வழியாக எச்டிடிபியில் அனுப்புகிறேன். படுக்கையறையில் சேனல் மாற முன்பைவிடச் சற்று நேரமாகிறது, ஆனால் படம் உடையவில்லை. மிக்க நன்றி.