காலையில் சிறை செல் சோதனை, சாயங்காலம் கைதிக்கு ஆறுதல்: ஒரே காவலரால் முடியுமா?

புதுக்காவலர்:
சிறைக் காவலர் பயிற்சியில் இருக்கிறேன். காலை வகுப்பில் "யாரையும் நம்பாதே, செல்லைச் சல்லடை போடு" என்கிறார்கள். மதியம் வேறொருவர் வந்து "கைதிகளிடம் மனம்விட்டுப் பேசு" என்கிறார். காலையில் மெத்தையைப் புரட்டியவனிடம் சாயங்காலம் யார் பேசுவார்கள்?

பழையவார்டன்:
பேசுவார்கள். சோதனை உன் வேலை என்று அவர்களுக்கும் தெரியும். குழந்தையின் போட்டோவைத் தரையில் வீசிவிட்டுப் போனால்தான் பகை. எடுத்ததை எடுத்த இடத்தில் வை.

பேச்சும் காவல்தான், தம்பி. கேமராவில் சண்டை தெரியும், சண்டைக்கு முந்தைய இறுக்கம் தெரியாது. சாப்பாட்டுத் தட்டு அப்படியே திரும்புகிறது, ஒருவர் தன் பொருட்களையெல்லாம் பக்கத்து செல்காரருக்குக் கொடுக்கிறார் என்றால் உடனே கவனி, தற்கொலை எண்ணமாக இருக்கலாம். ஆளை முன்பே அறிந்திருந்தால்தான் இதெல்லாம் கண்ணில் படும். உள்ளே வந்த முதல் சில இரவுகளும் ஜாமீன் மறுக்கப்பட்ட நாளும் மோசமானவை.

ஆனால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதே. உயிருக்கு ஆபத்து என்றால் மேலே சொல்லியே ஆவேன் என்று முதலிலேயே சொல்லிவிடு. முடியாததை முடியாது என்று சொன்னால் கோபம் அன்றோடு போகும். "பார்க்கலாம்" என்று இழுத்தடிப்பவரைத்தான் மன்னிக்க மாட்டார்கள்.

கம்பிக்குள்:
ஐயா சொல்வது சரி, ஆனால் நேரம் எங்கே? இங்கிலாந்தில் 2018 முதல் ஒரு காவலருக்குச் சுமார் 6 கைதிகள், ஆளுக்கு வாரம் 45 நிமிடம் பேச வேண்டும் என்று திட்டம் போட்டார்கள். ஆள் பற்றாக்குறையால் பல சிறைகளில் அது ஒழுங்காக நடக்கவில்லை. நார்வேயிலும் ஒவ்வொரு கைதிக்கும் ஒரு தொடர்புக் காவலர் உண்டு. அங்கே பயிற்சியே 2 ஆண்டு. நமக்கு அதெல்லாம் கனவு. இன்னொன்று: அன்பாகப் பேசும் காவலரைத்தான் முதலில் வளைக்கப் பார்ப்பார்கள். இன்று ஒரு கடிதத்தை வெளியே கொடுக்கச் சொல்வார்கள், நாளை செல்போன்.

பழையவார்டன்:
உண்மை. ஒருவருக்குச் செய்வதை எல்லாருக்கும், எல்லார் முன்னாலும் செய்ய முடியுமா என்று பார். முடியாது என்றால் அந்த உதவியைத் தொடாதே. பேச்சுக்குத் தனியாக நேரம் ஒதுக்கக் காத்திருக்காதே. கதவு திறக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவதில் தொடங்கு.

புதுக்காவலர்:
நன்றி ஐயா. யாருக்கு ஜாமீன் மறுத்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பழையவார்டன்:
ஷிப்ட் மாறும்போது தலை எண்ணிக்கையை மட்டும் வாங்காதே. யார் கோர்ட்டுக்குப் போய் வந்தார், யாருக்கு மனு பார்க்க (நேரில் சந்திக்க) ஆள் வரவில்லை என்றும் கேள். நீ கிளம்பும்போது அதையே பதிவேட்டில் எழுதி, அடுத்தவரிடம் வாயாலும் சொல்லிவிட்டுப் போ.