எம்.எஃப். டூம் முகமூடி: கொள்கையா, வியாபாரமா, ஆள்மாறாட்டமா?

டேப்ரிக்கார்டர்:
கொஞ்ச நாளாக ராப் பாடகர் எம்.எஃப். டூம் பாட்டாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்தப் பேட்டியைத் தேடினாலும் மனிதர் அந்த இரும்பு முகமூடியோடுதான் உட்கார்ந்திருக்கிறார். முகத்தைப் பார்க்காதே, பாட்டைக் கேள் என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று ரசிகர்கள் சொல்கிறார்கள். சரி, ஆனால் டி‑ஷர்ட்டிலும் போஸ்டரிலும் விற்பது அந்த முகமூடிதானே? புகழ் வேண்டாம் என்று முகத்தை மறைத்தவருக்கு ராப் உலகத்திலேயே சட்டென்று அடையாளம் தெரிகிற முகம் கிடைத்துவிட்டது, இது எந்தக் கணக்கு? அப்புறம், தன் கச்சேரிக்கு வேறு ஆளுக்கு முகமூடி மாட்டி அனுப்பினாராமே, நிஜமா? இந்தப் பழக்கத்தை ஆரம்பித்ததே அவர்தானா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேன்மொழி:
ப்ரோ, முகமூடிக்கு முந்தைய கதை தெரியாமல் இதைப் பேச முடியாது. டேனியல் டூமிலே லண்டனில் பிறந்து நியூயார்க்கின் லாங் ஐலண்டில் வளர்ந்தவர். ஸெவ் லவ் எக்ஸ் என்ற பெயரில், தம்பி சப்ராக்கோடு சேர்ந்து கே.எம்.டி. என்ற குழுவில் பாடினார். 1991ல் எலெக்ட்ரா இசை நிறுவனம் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. அப்போதைய வீடியோக்களில் முகமூடி எதுவும் கிடையாது, சிரித்த முகமாக ஒரு பையன் துள்ளிக்கொண்டிருப்பான். 1993ல் இரண்டாவது ஆல்ப வேலை நடந்துகொண்டிருக்கும்போது நெடுஞ்சாலையைக் கடக்கப்போன சப்ராக் மீது கார் மோதியது. இறக்கும்போது தம்பிக்கு வயது 19. அண்ணன் ஆல்பத்தை முடித்துக் கொடுத்தார். அதன் அட்டைப்படத்தில், கறுப்பர்களைக் கேலி செய்ய வெள்ளைக்காரர்கள் காலங்காலமாக வரைந்துவந்த சாம்போ பொம்மை தூக்கில் தொங்கும். அந்தக் கேலிச்சித்திரத்தைக் கொல்வதுதான் படத்தின் அர்த்தம். விமர்சனம் கிளம்பியதும் அர்த்தம் கேட்கப் பொறுமையில்லாத நிறுவனம் ஆல்பத்தை நிறுத்திக் குழுவையும் கைகழுவியது.

பிறகு சில வருடம் ஆளையே காணோம். 1997, 98 வாக்கில் மன்ஹாட்டனில் நுயோரிகன் போயட்ஸ் கஃபே மேடையில், பெண்கள் அணியும் நைலான் ஸ்டாக்கிங்கை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு ஒருவர் வந்து பாடினார். அவர்தான் இவர். 1999ல் ‘ஆபரேஷன்: டூம்ஸ்டே’ வந்தபோது பெயர் எம்.எஃப். டூம். மார்வெல் காமிக்ஸில் சிதைந்த முகத்தை இரும்புக்குள் மறைத்துக்கொண்டு திரும்பிவரும் வில்லன் டாக்டர் டூம்தான் மூலம். முதலில் மாட்டியது சாதாரண பிளாஸ்டிக் முகமூடி, பெயின்ட் அடித்தது. நீங்கள் பார்க்கும் உலோக முகமூடி, 2000ல் வந்த ‘கிளாடியேட்டர்’ படத்தில் நாயகன் போடும் தலைக்கவசத்தின் நகலிலிருந்து எடுத்தது.

டூமின் ‘மேட்வில்லனி’ (2004) ஆல்ப அட்டையைப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் முகமூடி மட்டும், மேல் மூலையில் சின்னதாக ஒரு ஆரஞ்சு சதுரம். முகமூடியின் ஓட்டைக்குள் கண் தெரியும், நேராக நம்மைப் பார்க்காது. வியாபாரம் என்கிறீர்கள். இருக்கட்டும், ஆனால் 22 டிராக்கில் கோரஸ் என்று ஒன்று தேடினாலும் கிடைக்காத ஒரு ஆல்பத்தை விற்க நினைத்தவன் மோசமான வியாபாரி.

பூந்தமல்லி பீட்:
தேன்மொழி அக்கா சோகக் கதையைச் சொல்லி ஏமாற்று வேலையைத் தாண்டிப் போய்விட்டார். ஆள் அனுப்பியது நிஜம். 2007ல் சான்பிரான்சிஸ்கோவில் மேடையேறியவர் உடம்பும் வேறு, பாட்டும் ஓடும் பதிவுக்கு வாயசைப்பு, கூட்டம் கத்தித் தீர்த்தது. கேட்டதற்கு மனிதர் வருத்தப்படவில்லை. டூம் என்பது ஒரு பாத்திரம், நான் எழுத்தாளன், இயக்குநன், யாரை நடிக்க வைப்பது என்பது என் இஷ்டம் என்கிற தினுசில் பதில் சொன்னார். காசு கொடுத்து டிக்கெட் வாங்கினவனுக்கு இந்தத் தத்துவம் எதற்கு? 2019ல்கூட லாஸ் ஏஞ்சல்ஸில் டூம் வருகிறார் என்று சொல்லிவிட்டு, முகமூடியோடு வந்து நின்றது காமெடியன் ஹானிபல் புரெஸ். அது சிரிப்பு வந்தது என்று ஒத்துக்கொள்கிறேன்.

ஆரம்பித்தது இவர் இல்லை. எண்பதுகளிலேயே ராமெல்ஸி என்ற நியூயார்க் கிராஃபிட்டிக்காரர் (சுவரில் ஸ்ப்ரே பெயின்ட் ஓவியம் வரைபவர்) தெருவில் கிடந்த குப்பை, பிளாஸ்டிக், பொம்மைத் துண்டு எல்லாம் ஒட்டித் தலை முதல் கால்வரை கவச உடை செய்து போட்டார். 1983ல் அவர் பாடிய ‘பீட் பாப்’ இசைத்தட்டின் அட்டையை வரைந்தது ஓவியர் பாஸ்கியா. 1993ல் வூ‑டாங் கிளான் என்ற ராப் குழுவின் முதல் ஆல்ப அட்டையில் எல்லோர் முகத்திலும் ஸ்டாக்கிங். பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் படப்பிடிப்பு அன்றைக்குக் குழுவில் சிலர் வந்தே சேரவில்லை, அந்தக் குறை தெரியாமல் இருக்கத்தான் மறைத்தார்கள் என்பது படம் எடுத்தவர் சொன்ன கதை. முகமூடி போட்டால் உள்ளே யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்பதை டூமுக்கு முன்னாடியே கண்டுபிடித்துவிட்டார்கள்.

குரோய்டன்காரன்:
இங்கே லண்டன் பக்கம் வந்தால் கதையே வேறு. டிரில் என்ற ராப் வகையைப் பாடும் பையன்கள் பாலக்ளாவா (கண் மட்டும் தெரியும் குல்லா) போடுவது டாக்டர் டூமுக்காக இல்லை. பாட்டில் எதிர்க் கும்பலைத் திட்டுகிறான், வீடியோ பார்ப்பவர்களில் அந்தக் கும்பலும் உண்டு, போலீசும் உண்டு. 2018ல் 1011 என்ற டிரில் குழுவின் ஐந்து பேருக்கு, வீடியோ வெளியிட்டால் 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்று நீதிமன்றமே உத்தரவு போட்டது. அப்படிப்பட்ட இடத்தில் முகத்தைக் காட்டுவது முட்டாள்தனம். பிறகு அதுவே ஸ்டைலாகி, எந்த வம்புக்கும் போகாத பையனும் ஜூலை வெயிலில் மாட்டிக்கொண்டு வியர்த்து நிற்கிறான், அதைத் தனியாகப் பேசலாம்.

ஜெர்மனியில் சுத்தமான விளம்பர உத்தியும் நடந்தது. பெர்லின் ராப்பர் சீடோ 2004ல் வெள்ளி மண்டையோட்டு முகமூடியோடு வந்து பிரபலமாகி, பிறகு கழற்றிவிட்டார். கழற்றுவதும் ஒரு செய்திதானே. டூம் அதைச் செய்யவே இல்லை. அமெரிக்காவுக்குத் திரும்ப அனுமதி கிடைக்காமல் கடைசி வருடங்களை இங்கிலாந்தில் கழித்து, 2020 அக்டோபர் 31 அன்று லீட்ஸில் இறந்தார். வெளியே தெரிந்தது டிசம்பர் 31. இரண்டு மாதம் யாருக்கும் தெரியவில்லை. புகழுக்காக வேஷம் போட்டவர் குடும்பம் அப்படி இருக்குமா?

டேப்ரிக்கார்டர்:
நன்றி நண்பர்களே. ஆள் அனுப்பிய விஷயத்தில் நான் பூந்தமல்லி பக்கம்தான். மேடை அவர் இஷ்டம், டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். தேன்மொழி, கே.எம்.டி. எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

தேன்மொழி:
‘மிஸ்டர் ஹூட்’, அந்த 1991 முதல் ஆல்பம். கேட்ட கையோடு ‘ஆபரேஷன்: டூம்ஸ்டே’ போடுங்கள். குரல் கனத்து, கரகரத்து, அவசரமே இல்லாமல் வரும். இடையில் எட்டு வருடம்தான். பூந்தமல்லி தம்பி, உங்களுக்கும்தான் சொல்கிறேன்.