அப்பாவோட பழைய ஆல்பம், இந்த இடமெல்லாம் எதுன்னு கண்டுபிடிச்சு சொல்லுங்களேன்

கேள்வி: மேட்டுத்தெரு_83

வணக்கம். அப்பா தவறி ஒன்றரை வருஷம் ஆச்சு. போன வாரம் பரண்ல இருந்த டிரங்குப் பெட்டிய இறக்குனப்ப ஒரு ஆல்பம் கிடைச்சுது. 1984-ல நாங்க தஞ்சாவூர் பக்கத்து பாபநாசத்துல இருந்தோம், அப்பா ரைஸ் மில்லுல கணக்கு எழுதிகிட்டு இருந்தாங்க, முதலாளிகிட்ட கேமரா இரவல் வாங்கிட்டு எங்கள பஸ்ல கூட்டிட்டுப் போய் எடுத்த போட்டோ. பின்னாடி ஒரு எழுத்து கூட எழுதல. எனக்கு அப்ப ஒரு வயசு. அம்மாவுக்கு பொங்கல் லீவுல போனதுன்னு மட்டும் ஞாபகம் இருக்கு, எந்த ஊருன்னு கேட்டா மாத்தி மாத்தி சொல்றாங்க.

அஞ்சு போட்டோ போட்டிருக்கேன். முதல்ல பெரிய நந்தி, அது பீடத்துல சாஞ்சுகிட்டு அக்கா நிக்குது, பின்னாடி பெரிய விமானம். போன் ஆப்புல தேடிப் பாத்தேன், தஞ்சாவூர் பெரிய கோயில்னு காட்டுது, ஆனா அம்மா இது அது இல்லடான்னு அடிச்சு சொல்றாங்க. ரெண்டாவது வளைவு வளைவா நீளமா ஒரு பாலம், கீழ தண்ணி நுரைச்சுகிட்டு ஓடுது. மூணாவது ரோட்டோரம் வயல்ல பொம்பளைங்க குனிஞ்சு நடவு நடுறாங்க. நாலாவது நடுவுல கோயில் இருக்குற குளம். அஞ்சாவது கடற்கரையில அடுக்கடுக்கா ஒரு கோபுரம். அம்மாவ அதே இடங்களுக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போகணும், அவ்வளவுதான்.

பதில்: கொள்ளிடக்கரை

அம்மா சொல்றதுதான் சரி தம்பி. தஞ்சாவூர்ல நந்திக்கு மேல மண்டபம் இருக்கும், உங்க போட்டோவுல நந்தி வெட்டவெளியில புல்தரையில உக்காந்திருக்கு பாருங்க. விமானத்தோட ஓரத்த விரல வெச்சு கீழேர்ந்து மேல தடவிப் பாருங்க. தஞ்சாவூர்னா நேர் கோடா கூம்பிகிட்டே போகும், இதுல நடுவுல லேசா உள்வாங்கி வளைஞ்சு போகுது. கங்கைகொண்ட சோழபுரம்தான், சந்தேகமே வேண்டாம். ராஜேந்திர சோழன் கட்டினது, அப்பா ராஜராஜன் 1010-ல முடிச்ச கோயிலவிட உயரம் கொஞ்சம் கம்மி.

ரெண்டாவது போட்டோ அணைக்கரை, கொள்ளிடம் ஆத்துக்கு குறுக்க இருக்குற அணையும் பாலமும். கும்பகோணத்துலேர்ந்து திருப்பனந்தாள் வழியா கங்கைகொண்ட சோழபுரம் போறவங்க இந்த பாலத்துல ஏறாம போக முடியாது, அதனால ரெண்டும் ஒரே நாள் எடுத்ததாத்தான் இருக்கும். அந்த அணைய 1836-ல ஆர்தர் காட்டன் கட்டினப்ப கங்கைகொண்ட சோழபுரத்து மதில் கல்லையும் கோபுரத்து கல்லையும் பெயர்த்துதான் கொண்டுபோனாங்க. அப்பா எடுத்த இந்த ரெண்டு படத்துலயும் இருக்கறது ஒரே கோயிலோட கல்லுதான். நான் அந்த பாலத்த தாண்டுற ஒவ்வொரு தடவையும் இத நெனச்சுப்பேன், மனசுக்கு கஷ்டமாவும் இருக்கும், அந்த தண்ணி பாயுற வயலப் பாத்தா ஒண்ணும் சொல்லவும் தோணாது.

பதில்: நாகை_ராவுத்தர்

அஞ்சாவது நாகூர் தர்கா மினாரா இருக்குமோ?

பதில்: பேராவூரணிக்காரன்

இல்லண்ணே, நாகூர்னா அஞ்சு மினார் இருக்கு, சுத்தி கடை வீடெல்லாம் விழுந்திருக்கும். இது தனியா நிக்குது, ஒவ்வொரு அடுக்குக்கும் சுத்தி கூரை மாதிரி நீட்டிகிட்டு இருக்கு, ஆறு பட்டை தெரியுது. எங்க ஊரு பக்கம் சேதுபாவாசத்திரம் கிட்ட இருக்குற மனோரா. நெப்போலியன ஆங்கிலேயர் ஜெயிச்சதுக்காக சரபோஜி மன்னர் கட்டினது, எட்டு அடுக்கு. சின்ன வயசுல ஸ்கூல்லேர்ந்து கட்டுசோறு கட்டிகிட்டு போவோம். ஆனா பாபநாசத்துலேர்ந்து இதுக்கு பட்டுக்கோட்டை வழியா போகணும், அணைக்கரை நேர் எதிர் திசை, ஒரே நாள்ல ரெண்டும் நடக்காது. வேற டிரிப்பா இருக்கும்.

பதில்: கமலாலயம்

குளத்துக்கு ரெண்டு ஊரு போட்டி போடும், மன்னார்குடி ஹரித்ராநதி, எங்க திருவாரூர் கமலாலயம். ரெண்டுலயும் நடுவுல கோயில் இருக்கு. ஆனா உங்க படத்துல கரைய ஒட்டியே கோயில் கோபுரம் தெரியுது, ஹரித்ராநதி ராஜகோபால சாமி கோயில விட்டு தள்ளி இருக்கு, அங்க இப்படி விழாது. கோயில் அஞ்சு வேலி குளம் அஞ்சு வேலின்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க (வேலிங்கறது பழைய நில அளவு), அந்தக் குளம்தான். படித்துறையில ஈரத்துணியோட நிக்கிறது அம்மாவா?

இன்னொண்ணு, கோவிச்சுக்காதீங்க, அந்த நடவு போட்டோ பொங்கல் லீவுல எடுத்திருக்க முடியாது. பொங்கலுக்கு நம்ம பக்கம் சம்பா பழுத்து அறுப்புக்கு நிக்கும். இதுல நாத்து முடி வரப்புல கெடக்கு, சேறு அப்படியே பளபளன்னு இருக்கு. ஆனி மாச குறுவையா இருக்கலாம், புரட்டாசி சம்பாவாவும் இருக்கலாம். லீவுன்னு அம்மா சொல்றதால காலாண்டு லீவுன்னு நெனைக்கிறேன், அப்ப புரட்டாசிதான். நெகட்டிவ் இருந்தா ஓரத்துல நம்பர் இருக்கும், வெளிச்சத்துக்கு நேரா புடிச்சுப் பாருங்க, எந்த படத்துக்கு அப்புறம் எந்த படம்னு தெரிஞ்சுடும்.

பதில்: மேட்டுத்தெரு_83

நெகட்டிவ் ஆல்பம் அட்டைக்குள்ளயே செருகி இருந்துச்சு, ஜன்னல்ல புடிச்சு இப்பதான் பாத்தேன். நடவு 6, பாலம் 7, நந்தி 9. குளம் 20. மனோரா வேற ரோல்ல இருக்கு. நடுவுல 8-ம் நம்பர் பிரிண்டே போடல. அதுல அம்மா பாலத்து கைப்பிடிய புடிச்சுகிட்டு நிக்கிறாங்க, இடுப்புல நான். அம்மாகிட்ட காட்டினேன், ரொம்ப நேரம் பாத்துட்டு, ஆமாடா பொங்கல் இல்ல, அக்காவுக்கு காலாண்டு லீவுன்னாங்க. படித்துறையில நிக்கிறது அம்மாதான், கால் வழுக்கி விழுந்துட்டாங்களாம். எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, வர்ற புரட்டாசியில கார் புடிச்சு கூட்டிட்டுப் போறேன். காலையில கிளம்பினா சரியா இருக்குமா?

பதில்: கொள்ளிடக்கரை

காலையில வேண்டாம். நந்தி சாமியப் பாத்து மேற்கு முகமா உக்காந்திருக்கும், உங்க போட்டோவுல அது மூஞ்சில வெயில் அடிக்குது, அப்ப அப்பா எடுத்தது சாயங்காலம். மூணு மணிக்கு அணைக்கரையில நின்னு 8-ம் நம்பர திரும்ப எடுத்துட்டு, நாலு மணி வாக்குல கோயிலுக்குப் போங்க. அக்காவையும் கூட்டிட்டுப் போங்க.