சூடானதும் நின்றுவிடும் பழைய என்ஜின்: காயிலா, கண்டென்சரா?

கேள்வி:
அப்பா ஓட்டிய 1962 மாடல் கார், பாயிண்ட் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) வைத்த இக்னிஷன். காலையில் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்கிறது. இருபது நிமிடம் ஓடியதும் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும்! பிளக் நான்கும் புதிது. மெக்கானிக் காயிலை (பிளக்கில் பொறி வர உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) மாற்றச் சொல்கிறார். மாற்றட்டுமா?

பதில்:
அவசரப்படாதீர்கள், சார். வண்டி நின்றவுடன், சூடு ஆறுவதற்குள், காயிலின் நடு வயரை டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுப்பது) மூடியிலிருந்து கழற்றி ஓர் உதிரி பிளக்கில் மாட்டுங்கள். பிளக்கின் உடம்பு என்ஜின் இரும்பில் படவேண்டும். பெட்ரோல் ஆவி இருக்கும் கார்புரேட்டருக்குப் பக்கத்தில் வேண்டாம். யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாகச் சொடுக்கினால் காயில் பிழைத்தது, பெட்ரோல் பக்கம் பாருங்கள். மஞ்சளாக மெலிந்தால் மூடியைத் திறந்து பாயிண்டைக் கவனியுங்கள். அது பிரியும்போது பெரிய பொறி பறந்தால், அந்தப் பொறியை அடக்கவேண்டிய கண்டென்சர்தான் (சின்ன மின்தேக்கி) கோளாறு. சூட்டில் மட்டும் மக்கர் செய்வது அதன் பழைய குணம்.

இன்னொரு பதில்:
டிஸ்ட்ரிபியூட்டருக்குள் போகும் சின்ன வயரையும் இழுத்துப் பாருங்கள். எனக்கு உறை முழுசாக இருந்தது, உள்ளே செம்பு அறுந்திருந்தது. இரண்டு காயில் வாங்கிய பிறகுதான் தெரிந்தது!

கேட்டவர்:
மஞ்சள்தான். பாயிண்ட் முனையும் கருகியிருந்தது. கண்டென்சரோடு அதையும் மாற்றி, கையேட்டில் இருந்தபடி 0.4 மி.மீ. இடைவெளி வைத்தேன். நேற்று ஒன்றரை மணி நேரம் நிற்காமல் ஓடியது. காயில் பழையதேதான்.