தாங்கு பைக்குள் தெர்மாகோல் மணியா?

கீழவாசல்:
நேற்று இந்தக் குழுவில் ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. குறி பார்க்கும்போது ரைபிள் ஆடாமல் இருக்க முட்டுக் கொடுக்கும் தாங்கு பைக்குள் என்ன போட்டாலும் ஒன்றுதானாம். எடை குறைந்தால் போதுமாம். தெர்மாகோல் மணியைக் கொட்டித் தைத்துவிட்டால் மணல் பை மாதிரியே நிற்குமாம். கீழே வரிசையாகப் பாராட்டு வேறு. புதிதாக வருகிற பிள்ளைகள் இதை நம்பிக் காசைக் கரியாக்கப் போகிறார்கள்.

மணல் கனம்தான், யார் இல்லை என்றது? காய்ந்த மணல் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ. நாலு லிட்டர் பிடிக்கிற பையில் 6 கிலோ ஆகிவிடும். ஒரு இடத்தில் சுவரில் வைத்து, அடுத்த இடத்தில் ஏணிப்படியில் வைத்து, அதற்கடுத்துப் பீப்பாய் மேல் வைத்துச் சுடுகிறவன் அதைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. அமெரிக்காவில் இப்படி இடம் மாறி மாறிச் சுடும் போட்டிகள் பெருகிய பிறகுதான் எடை குறைந்த பைக்கு மவுசு வந்தது. அங்கே பலரும் போடுவது பிளாஸ்டிக் குருணை. பாலிபுரோப்பிலீன் குருணை லிட்டருக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதே நாலு லிட்டர் பை இரண்டு கிலோ சொச்சத்தில் முடிந்துவிடும். மணலைப் போலவே ஒழுகி ரைபிள் கட்டையின் வடிவத்துக்கு இறங்கும். கையால் பிடித்து இறுக்கினால் ஒன்றோடொன்று சிக்கி அப்படியே நிற்கும்.

தெர்மாகோல் மணி நிற்காது. அமுக்க அமுக்கச் சப்பையாகும். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு காற்று. காற்றின் மேல் ரைபிளை வைத்துக் குறி பார்க்கச் சொல்கிறார்கள்.

நாகமலை:
எழுதியது நான்தான். "ஒருவர்" என்று சுற்றி வளைக்க வேண்டாம், நேராகவே கேட்கலாம்.

என் பையில் இருப்பது தெர்மாகோல் மணி. நாலு லிட்டருக்கு 100 கிராம்கூட வராது. பீன் பேக் நாற்காலிக்குப் போடுகிற அதே மணி. அறுபது எழுபது கிலோ ஆள் பொத்தென்று உட்கார்ந்து எழுந்திருக்கிற சாமான், நாலு கிலோ ரைபிளுக்குச் சப்பையாகிவிடுமா? கொஞ்சம் யோசித்து எழுதுங்கள் அண்ணே.

கீழவாசல்:
யோசித்துத்தான் எழுதினேன் தம்பி. பீன் பேக் வாங்கியவர்கள் வீட்டில் போய்க் கேளுங்கள். கொஞ்ச காலத்தில் நாற்காலி பள்ளமாகி, மறுபடி மணி வாங்கி நிரப்புகிறார்களா இல்லையா? ஏன் நிரப்புகிறார்கள்? மணி சப்பையாகிறது. அவ்வளவுதான். நீங்கள் கொடுத்த உதாரணமே எனக்குச் சாட்சி.

பை இறங்கிக்கொண்டே இருந்தால் நீங்கள் குறியை எங்கே நிறுத்துவீர்கள்? ஸ்கோப்பில், அதாவது ரைபிள் மேல் இருக்கிற தொலைநோக்கியில், இப்போது சரியாக நிற்கிற குறுக்குக்கோடு, மூச்சை அடக்கி விசையை இழுப்பதற்குள் அரை விரல் இறங்கியிருக்கும்.

போடிப் பாதை:
இரண்டு பேரும் கடையில் விற்கிற ரசாயனத்துக்காக அடித்துக்கொள்கிறீர்கள். எங்கள் பக்கம் மாசி, பங்குனி ஆனால் மரம் மரமாக இலவம் வெடிக்கிறது. போடியிலிருந்தும் தேனியிலிருந்தும் மெத்தைக்காக ஊர் ஊராகப் போகிற பஞ்சு. ஒரு காலத்தில் கப்பலில் உயிர்காப்பு அங்கிக்குள் அடைத்ததும் இதே இலவம் பஞ்சுதான். இழை உள்ளே கூடு, மேலே மெழுகு மாதிரி ஒரு பூச்சு, தண்ணீர் ஒட்டாது. மழையில் நனைந்தாலும் உதறினால் போய்விடும்.

நான் ரைபிளின் பின்கட்டைக்கு, அதாவது தோளில் பதிகிற பக்கத்துக்கு, அடியில் வைக்கிற சின்னப் பையில் இலவம் பஞ்சைத்தான் இறுக்கி அடைத்திருக்கிறேன். கட்டையில் கீறல் விழாது, சத்தம் வராது. குருணைப் பை ஒவ்வொரு அசைவுக்கும் சரக் சரக் என்று சத்தம் போடும். பக்கத்தில் சுடுகிறவன் காதில் கேட்கும்.

கீழவாசல்:
பஞ்சு பொங்கும். அமுக்கினால் இறங்கும், விட்டால் எழும்பும். தாங்கு பையில் இருக்கவே கூடாத குணம் இதுதான். நாளாக நாளாக அதுவே கட்டிதட்டிப் போகும், பிரித்து அடித்துப் பஞ்சை உதற வேண்டும். மெத்தைக்கு ஆள் வருகிறார், பைக்கு யார் வருவார்? சரி, பஞ்சை விடுங்கள். நான் கேட்டது தெர்மாகோல். மணி சப்பையாகுமா, ஆகாதா?

சோழவந்தான் வயல்:
நெல் விளைகிற ஊரில் இருந்துகொண்டு காசு கொடுத்து பிளாஸ்டிக் வாங்குகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஆலையில் உமி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. லிட்டருக்கு 100 கிராம் சொச்சம்தான் எடை. பொங்காது, உருளாது, ஒன்றோடொன்று கொக்கி போட்ட மாதிரி பிடித்துக்கொள்ளும். சலித்து, ஒரு நாள் வெயிலில் காயவைத்து, உள்ளே மெல்லிய துணிப் பை ஒன்று, வெளியே கேன்வாஸ் பை ஒன்று என்று இரட்டையாகத் தைத்தால் வேலை முடிந்தது. குப்பையில் போட்டாலும் மண்ணுக்குத்தான் போகும். தெர்மாகோல் எத்தனை தலைமுறைக்குக் கிடக்கும் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

மேலூர்:
உமி, அரிசி, பயறு எதுவும் வேண்டாம். நான் கேழ்வரகு போட்டுப் பார்த்தவன். பை அருமையாக உட்காரும், பொய் சொல்லவில்லை. ஆனால் மழைக்காலம் முடிந்து பார்த்தால் வண்டு. அதற்கப்புறம் எலி. பை போனதோடு இல்லாமல் அலமாரியில் இருந்த ஸ்கோப் உறையையும் கடித்து வைத்துவிட்டது.

சோழவந்தான் வயல்:
கேழ்வரகு தானியம், உமி தானியமில்லை. எலிக்கு உமியில் தின்ன என்ன இருக்கிறது? தெரியாமல் இரண்டையும் ஒன்றாகக் கட்டாதீர்கள்.

கீழவாசல்:
எலி தின்னாவிட்டாலும் தூசி பறக்கும். உமியைக் கையில் கசக்கிப் பாருங்கள், எத்தனை துணிக்குள் வைத்தாலும் பொடி ஜிப் வழியாக வெளியே வந்தே தீரும். உமியிலேயே மணலில் இருக்கிற அதே சிலிக்கா உண்டு, எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி அதுதான். அந்தப் பொடி போல்ட்டுக்குள்ளும் விசைக்குள்ளும் போனால் யார் கழற்றித் துடைப்பது? ரைபிள் விலை என்ன, உமி விலை என்ன?

குருணைக்கு இந்தத் தொல்லை ஒன்றுமில்லை. நனைந்தால் கொட்டிக் கழுவிக் காயவைக்கலாம். கப்பலூர்த் தொழிற்பேட்டைப் பக்கம் பிளாஸ்டிக் வார்ப்பு வேலை பார்க்கிற யாரையாவது தெரிந்தால் கேளுங்கள், கிலோக் கணக்கில் கிடைக்கும். ஒன்று மட்டும் பார்த்து வாங்குங்கள். மறுசுழற்சிக் குருணை நாற்றம் அடிக்கும், அளவும் ஒரே மாதிரி இருக்காது. புதுக் குருணையாகக் கேட்டு வாங்க வேண்டும். பையை முழுக்க நிரப்பவும் கூடாது, முக்கால் பங்குதான். முழுக்க அடைத்தால் எந்தச் சாமானும் பந்துபோல எழும்பும், குருணையும் அப்படித்தான்.

நாகமலை இன்னும் பதில் சொல்லவில்லை. மணி சப்பையாகுமா, ஆகாதா?

திருநகர்:
நான் புதியவன், தப்பாக நினைக்காதீர்கள். யார் எந்த ரைபிள் வைத்துச் சுடுகிறீர்கள் என்று ஒருவரும் சொல்லவில்லையே. ஸ்பிரிங் ஏர் ரைபிளா, அடைத்த காற்றில் சுடும் பிசிபியா, பாயின்ட் டூ டூ தோட்டா ரைபிளா? முன்னால் பேரல் பக்கம் வைக்கும் பையா, பின்கட்டைக்கு அடியில் வைப்பதா? "எடை குறைந்த" என்றால் எத்தனை கிலோவுக்குள்?

நாகமலை:
பதில் சொல்லாமல் ஓடவில்லை, வேலைக்குப் போய்விட்டு வந்தேன். எல்லாரும் நாள் முழுக்க இங்கேயே உட்கார்ந்திருக்க முடியாது.

ஸ்பிரிங் ரைபிளை எதன் மேல் வைத்தாலும் சுட்டுவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பெல்லட், அதாவது ஏர் ரைபிள் குண்டு, பேரலை விட்டு வெளியே போவதற்கு முன்பே உள்ளே பிஸ்டன் ஓடி முடிந்துவிடுகிறது. ரைபிள் பின்னால் ஒரு உதை, முன்னால் ஒரு உதை என்று இரண்டு பக்கமும் ஆடும். கெட்டியான பையில் வைத்தால் அந்த ஆட்டம் மாறி, குறி வேறு எங்கோ போய் விழும். அதனால்தான் ஸ்பிரிங் ரைபிளைத் திறந்த உள்ளங்கையில் இறுக்காமல் படுக்க வைத்துச் சுடச் சொல்லிக் கொடுக்கிறார்கள். மெத்தென்று இருக்கிற தெர்மாகோல் பைதான் அந்த உள்ளங்கைக்கு ஈடு. கெட்டிக் குருணை அங்கே உதவாது. இதைக் கீழவாசல் அண்ணன் ஒரு வரியில்கூடத் தொடவில்லை.

கீழவாசல்:
தொட வேண்டிய அவசியமில்லை. நான் கேட்ட கேள்வி வேறு. மணி சப்பையாகுமா என்று கேட்டால் பிஸ்டன் கதை வருகிறது. சப்பையாகாது என்று ஒரு வார்த்தை எழுத முடிகிறதா பாருங்கள். முடியாது.

இன்னொன்றும் கேளுங்கள். தெர்மாகோல் மேல் பெட்ரோல், தின்னர், அசிட்டோன் எது பட்டாலும் கரைந்து கூழாகும். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் செய்து பார்க்கிற வேலை. ரைபிள் துடைக்கிற மேசையில் இதெல்லாம் இருக்கும். பை மேல் கொஞ்சம் கொட்டினால் உள்ளே ஓட்டைதான்.

நாகமலை:
பெட்ரோலைப் பை மேல் கொட்டுகிறவர் ரைபிளைத் தொடவே கூடாது.

போடிப் பாதை:
இலவம் பஞ்சைக் "கட்டிதட்டும்" என்று சொன்னவர் எந்தக் கடையில் வாங்கினார் என்று தெரிய வேண்டும். மதுரையில் இலவம் என்று சொல்லிக் கழிவுப் பருத்தியைக் கலந்து விற்கிறவர்கள் உண்டு. விதை நீக்காத பஞ்சும் உண்டு. எங்கள் ஊர்ச் சரக்கைப் பார்க்காமல் பேசக் கூடாது.

சோழவந்தான் வயல்:
உங்கள் ஊர்ச் சரக்கைப் பார்த்தவன் நான். போன வருஷம் என்னிடம் வாங்கிப் போன கேன்வாஸ் உறையைப் பூஞ்சை பிடிக்க விட்டுத் திருப்பிக் கொடுத்தது யார்? தண்ணீர் ஒட்டாத பஞ்சு என்றால் உறை ஏன் நாறியது?

போடிப் பாதை:
பஞ்சு நனையவில்லை, உறை நனைந்தது. உங்கள் உறை மட்டமான கேன்வாஸ். அதைப் புதிதாகத் தைத்துத் தருகிறேன் என்று அன்றைக்கே சொன்னேன். நீங்கள்தான் வேண்டாம் என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போனீர்கள்.

சோழவந்தான் வயல்:
மட்டமான கேன்வாஸா? புதுமண்டபத்தில் தலைமுறையாகத் தைத்தவரிடம் தைத்தது. அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகும் தேடிப் போய்த் தைத்தேன். ஓரம் எல்லாம் இரட்டைத் தையல். அவர் கையைக் குறை சொல்ல உங்களுக்கு யோக்கியதை கிடையாது.

தெப்பக்குளம்:
இவ்வளவு சண்டைக்கு அவசியமே இல்லை. உண்மையான ரைபிள் சுடுதலில் பையே கிடையாது. ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைபிளில் நின்றுகொண்டுதான் சுட வேண்டும், எதன் மேலும் சாய்க்க முடியாது. அபினவ் பிந்த்ரா 2008இல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கினாரே, பை வைத்தா வாங்கினார்? பைக்குள் என்ன போடுவது என்று கவலைப்படுகிற நேரத்தில் நின்று பழகலாம்.

மேலூர்:
2024இல் பாரிஸில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். அதில் மண்டியிட்டுச் சுடுகிற நிலை உண்டு. அந்த நிலையில் கணுக்காலுக்கு அடியில் உருளைப் பை வைக்க விதியே அனுமதிக்கிறது. நீளம் 25 செண்டிமீட்டர், விட்டம் 18 செண்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பையே கிடையாது என்று அடித்துப் பேச வேண்டாம்.

தெப்பக்குளம்:
அது காலுக்கு. நான் சொன்னது ரைபிளுக்கு. இரண்டும் ஒன்றா?

கீழவாசல்:
தெப்பக்குளம் சார், நின்று சுடுகிறவருக்கு இந்தப் பேச்சில் வேலை இல்லை, பேசாமல் நின்று சுடுங்கள். மேசை போட்டு உட்கார்ந்து சுடுவதும் போட்டிதான், இடம் மாறிச் சுடுவதும் போட்டிதான். அவர்கள் எல்லாம் என்ன கோலியா விளையாடுகிறார்கள்?

நாகமலை தம்பிக்கு மறுபடி நினைவூட்டுகிறேன். சித்திரை வெயிலில் கார் டிக்கிக்குள் கிடந்த தெர்மாகோல் பையை எடுத்துப் பாருங்கள். மணி சப்பையாகியிருக்கும்.

நாகமலை:
தெர்மாகோல் சுருங்கத் தொடங்கவே 80 டிகிரி வாக்கில் வர வேண்டும். மதுரையில் வெயில் கொடுமைதான், ஆனால் உங்கள் டிக்கியில் அடுப்பா எரிகிறது? மணியிலும் தரம் உண்டு. உடைத்த பழைய தெர்மாகோலைத் தூளாக்கி விற்பது வேறு, புதிதாகப் பொரித்த உருண்டை மணி வேறு. அடர்த்தி கூடின மணி கெட்டியாகவே நிற்கும்.

கீழவாசல்:
ஆக, அடர்த்தி குறைந்த மணி நிற்காது என்று உங்கள் வாயாலேயே வந்துவிட்டது.

நாகமலை:
நான் அப்படிச் சொல்லவில்லை. சொல்லாததை என் தலையில் கட்ட வேண்டாம்.

மேலூர்:
சண்டை ஓயாது. நான் ஒரு வழி சொல்கிறேன். ஒரே அளவுப் பை இரண்டு, ஒன்றில் குருணை, ஒன்றில் தெர்மாகோல். இரண்டின் மேலும் 5 கிலோ அரிசிப் பையை ஒரு இரவு முழுக்க வைப்போம். காலையில் உயரத்தை அளப்போம்.

நாகமலை:
சம்மதம். ஆனால் மணி நான் கொண்டுவருவதுதான். கண்ட கடையில் வாங்கிய தூளை வைத்து என்னைத் தோற்கடிக்கப் பார்க்கக் கூடாது.

கீழவாசல்:
நீங்கள் கொண்டுவந்தால் பொறுக்கி எடுத்த மணியாகக் கொண்டுவருவீர்கள். சாதாரணமாகக் கடையில் கிடைக்கிற மணிதான் வைக்க வேண்டும். ஒரு இரவு போதாது, ஒரு மாதம் வைக்க வேண்டும். சும்மா வைத்தாலும் போதாது, தினம் தூக்கித் தூக்கி அமுக்க வேண்டும்.

நாகமலை:
தினம் யார் அமுக்குவது? நீங்களா? உங்கள் கை எப்படி அமுக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

போடிப் பாதை:
இலவம் பஞ்சுப் பை ஒன்றும் சேர்த்து வைக்க வேண்டும். இல்லையென்றால் இந்தச் சோதனையை நான் ஏற்க மாட்டேன்.

சோழவந்தான் வயல்:
அப்படியென்றால் உமியும் வரும். உறை மட்டும் என்னிடம் கேட்கக் கூடாது.

கீழவாசல்:
உமி வந்தால் என் வீட்டுக்குள் அந்தப் பையை ஏற்ற மாட்டேன். தூசி.

சோழவந்தான் வயல்:
உங்கள் வீட்டில் வைப்பதாக யார் சொன்னது?