மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் டேட்டாபேஸை வெளியூர் ஏஜெண்டுகளும் சேர்ந்து திறக்க வேண்டும், ஃபைல் கெடாமல் இருக்க என்ன வழி?

காலண்டர்_கணக்கு:
வணக்கம். சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் ஆர்டர், கணக்கு இரண்டும் நான்தான் பார்க்கிறேன். ஆடிப்பெருக்குக்கு ஆல்பம் வெளிவந்ததும் ஆர்டர் வரத் தொடங்கிவிடும், அப்புறம் பொங்கல் வரை மூச்சுவிட நேரம் இருக்காது. பார்ட்டி பெயர், டிசைன் எண், எத்தனை காலண்டர், அடியில் அச்சடிக்க வேண்டிய கடைப் பெயர், அட்வான்ஸ் எல்லாமே ஆக்சஸில்தான். டேபிள், ஃபார்ம், ரிப்போர்ட் அனைத்தும் ஒரே ஏசிசிடிபி (ஆக்சஸ் டேட்டாபேஸ்) ஃபைலில், அளவு 400 எம்பி.

ஆபீசுக்குள் மூன்று பேர் லேனில் (ஆபீஸ் நெட்வொர்க்கில்) திறந்தவரை தொந்தரவு இல்லை. இப்போது மதுரை, திருச்சி, சென்னை ஏஜெண்டுகள் நான்கு பேரும் நேராக ஆர்டர் ஏற்ற வேண்டும் என்கிறார் முதலாளி. விபிஎன் (வெளியூரிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் நுழையும் பாதுகாப்பான இணைப்பு) போட்டு ஷேர் ஃபோல்டரைத் திறந்து கொடுத்தோம். ஃபார்ம் வரவே வெகுநேரம் ஆகிறது. அது போகட்டும், நேற்று சென்னைக்காரருக்கு நடுவில் நெட் போனது, அதிலிருந்து யார் திறந்தாலும் டேட்டாபேஸ் வடிவம் புரியவில்லை என்று பிழைச்செய்தி. ஆக்சஸிலேயே உள்ள காம்பாக்ட் அண்ட் ரிப்பேர் (கெட்ட ஃபைலைச் சரிசெய்யும் வசதி) செய்ததும் திறந்துவிட்டது, ஆனால் சில ஆர்டர்களைக் காணோம். ஃபைலை கிளவுட் ஃபோல்டரில் போட்டு எல்லோர் கணினிக்கும் சிங்க் செய்துவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா? செலவு குறைவாக இருந்தால் நல்லது.

பழைய_டேபிள்:
சிங்க் வேண்டவே வேண்டாம். மதுரைக்காரர் கணினியில் ஒரு நகல், சென்னைக்காரர் கணினியில் ஒரு நகல், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆர்டர் ஏற்றினால் இரண்டு ஃபைலும் வேறு வேறாகிவிடும். சிங்க் செய்யும் மென்பொருளுக்கு உள்ளே இருக்கும் ரெக்கார்டு பற்றி எதுவும் தெரியாது, கடைசியில் வந்ததை வைத்துக்கொள்ளும், இல்லையென்றால் முரண்பட்ட நகல் என்று இன்னொரு ஃபைலை உருவாக்கிப் போட்டுவிடும். ஆக்சஸ் பக்கத்திலேயே உருவாக்கும் லாக் ஃபைல்தான் யார் எதைத் திருத்துகிறார் என்பதைப் பார்த்துக்கொள்கிறது. அதற்கு எல்லோரும் ஒரே ஃபைலைத் தொட வேண்டும், நகலைத் தொட்டால் பயனில்லை.

விபிஎன் வழியில் கெட்டதற்கும் காரணம் இருக்கிறது. ஆக்சஸில் சர்வர் என்று ஒன்று கிடையாது, டேட்டாபேஸ் எஞ்சின் அவரவர் கணினியில்தான் ஓடுகிறது. சிவகாசியில் இருப்பது வெறும் ஃபைல். சென்னையில் இருக்கும் எஞ்சின் 4 கேபி 4 கேபியாகப் பக்கங்களை இழுத்து, திருத்தி, திரும்ப எழுதுகிறது. பாதி எழுதும்போது நெட் போனால் அந்தப் பாதி அப்படியே நிற்கும். 255 பேர் ஒரே நேரத்தில் திறக்கலாம் என்று மைக்ரோசாஃப்ட் எழுதியிருப்பது இந்த மாதிரி லைனில் ஏட்டுச் சுரைக்காய்தான்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: ஏஜெண்டுகளுக்குக் கொடுத்த ஷேரை நிறுத்திவிட்டு, ஃபைலை ஒரு நகல் எடுத்து வைத்து, டேட்டாபேஸை இரண்டாகப் பிரியுங்கள். டேட்டாபேஸ் டூல்ஸ் பகுதியிலேயே அதற்கு வழி இருக்கிறது. டேபிள் மட்டும் ஷேர் ஃபோல்டரில், ஃபார்மும் ரிப்போர்ட்டும் உள்ள ஃபைல் ஒவ்வொருவர் கணினியிலும் தனித்தனியாக. இது ஆபீஸ் மூன்று பேருக்கு. வெளியூருக்கு இது மட்டும் போதாது.

இன்னொன்று, ஆர்டர் டேபிளுக்கு 400 எம்பி என்பது இடிக்கிறதே, டிசைன் படங்களை உள்ளே அட்டாச் செய்திருக்கிறீர்களா? படத்தை வெளியே ஃபோல்டரில் வைத்து, பாதையை மட்டும் டேபிளில் எழுதுங்கள். 2 ஜிபிதான் உச்சவரம்பு.

காலண்டர்_கணக்கு:
ஆமாம் சார், படங்கள் உள்ளேதான் இருக்கின்றன. ஆபீஸ் கணினி ஒன்றில் ரிமோட் டெஸ்க்டாப் (தூரத்திலிருந்தே ஆபீஸ் கணினியின் திரையில் வேலை செய்யும் வசதி) கொடுத்துவிட்டால் ஃபைல் வெளியே போகாதல்லவா? விண்டோஸ் 11 ப்ரோ இருக்கிறது. ஒரே நேரத்தில் பல பேர் நுழைய விண்டோஸில் மாற்றம் செய்யும் ஏதோ பேட்ச் இருக்கிறதாம்.

சர்வர்_காவல்:
யோசனை சரி, பேட்ச் தப்பு. விண்டோஸ் ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உட்கார முடியும், அதைப் பேட்ச் போட்டு மீறுவது உரிமத்துக்கு விரோதம், அடுத்த அப்டேட்டில் உடைந்தும் போகும். விண்டோஸ் சர்வர் வாங்கி, ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் போட்டு, ஆளுக்கு ஒரு லைசென்ஸ் எடுங்கள். அதில் ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் தனி ஃப்ரண்ட் எண்ட் (ஃபார்மும் ரிப்போர்ட்டும் உள்ள ஃபைல்) நகல். ஆக்சஸ் ரன்டைம் (ஆக்சஸ் ஃபைலை ஓட்ட மட்டும் உதவும் பதிப்பு) இலவசம், ஃபார்மில் ஏற்றுவதற்கு அது போதும். நெட் போனாலும் அவருடைய செஷன் சர்வரில் அப்படியே இருக்கும், திரும்ப வந்து விட்ட இடத்தில் தொடரலாம். ஒரு வரி நிரல்கூட மாற்ற வேண்டியதில்லை. ஆனால் ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டை மட்டும் வெளியுலகுக்குத் திறந்துவிடாதீர்கள், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல் வீடு வீடாகத் தட்டிப் பார்ப்பதே அந்தக் கதவைத்தான். விபிஎன் உள்ளே வந்த பிறகுதான் ரிமோட்.

பழைய_டேபிள்:
சீசனுக்குள் முடிக்க வேண்டுமென்றால் அவர் சொல்வதுதான் சரி. நான் என்றால் சீசன் முடிந்ததும் டேபிள்களை எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸுக்கு (சர்வரில் ஓடும் மைக்ரோசாஃப்ட் டேட்டாபேஸ்) மாற்றுவேன். இலவசம், 2022 பதிப்பில் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி வரை. மாற்றிக் கொடுக்க மைக்ரோசாஃப்டின் மைக்ரேஷன் அசிஸ்டன்ட் இருக்கிறது. எழுதும் வேலையை சர்வர் செய்வதால் நடுவில் லைன் அறுந்தால் அந்த ஒரு ஆர்டர் பதிவாகாமல் போகும், டேட்டாபேஸ் கெடாது.

சிக்கல் வேறு இடத்தில் வரும். ஆம்/இல்லை ஃபீல்டுகளில் காலி மதிப்பு இருந்தால் 'வேறொருவர் மாற்றிவிட்டார்' என்று காரணமில்லாமல் அடம்பிடிக்கும், எனவே எல்லாவற்றுக்கும் இயல்பு மதிப்பு 0 வைத்து, டேபிளில் ரோவெர்ஷன் நெடுவரிசை (ரெக்கார்டு மாறும்போதெல்லாம் தானே மாறும் எண்) ஒன்றும் சேருங்கள். ஃபார்ம் திறந்ததும் மொத்த ஆர்டரையும் இழுக்கிற பழக்கத்தையும் விட வேண்டும், பார்ட்டி பெயரைக் கேட்டு அதற்குரியதை மட்டும் கொண்டுவரும்படி மாற்றாவிட்டால் இப்போது இருப்பதைவிட மெதுவாகக்கூட ஓடும். எக்ஸ்பிரஸில் எஸ்கியூஎல் சர்வர் ஏஜெண்ட் என்ற, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் சர்வீஸ் கிடையாது, இரவு பேக்கப்புக்கு விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் நீங்களே ஒன்று எழுதி வைக்க வேண்டும்.

காலண்டர்_கணக்கு:
முதலாளியிடம் பேசிவிட்டேன், இந்த சீசனுக்கு ரிமோட் டெஸ்க்டாப். காணாமல் போன ஆர்டர்களை மீட்க வழி உண்டா?

பழைய_டேபிள்:
மறைந்திருக்கும் சிஸ்டம் டேபிள்களைக் காட்டச் செய்து எம்சிஸ்காம்பாக்ட்எரர் என்று ஒன்று வந்திருக்கிறதா பாருங்கள். ரிப்பேரின்போது தடுக்கியது எந்த டேபிளில் என்று அதில் இருக்கும், ரெக்கார்டு திரும்ப வராது. ரிப்பேருக்கு முந்தைய நகல் இருந்தால் புதிய காலி ஃபைலுக்குள் டேபிளை மட்டும் இம்போர்ட் செய்து பாருங்கள், சில சமயம் வரும். வராவிட்டால் ஏஜெண்டுகளின் அட்வான்ஸ் ரசீது புத்தகத்தை வைத்துத் திரும்ப ஏற்றுவதைத் தவிர வழியில்லை.