பழைய ஜீப்பில் பஜ்ஜி எண்ணெய்: ஓட்டிப் பார்த்தவர்கள் யாராவது உண்டா?

வணக்கம் நண்பர்களே. என்னிடம் 1994 மாடல் டீசல் ஜீப் ஒன்று இருக்கிறது, தோட்டத்துக்குள் ஓட்ட மட்டும். டீக்கடையில் வாங்கிய பழைய பாமாயிலைத் துணியில் வடிகட்டி, டீசலில் கால் பங்கு கலந்து இரண்டு மாதம் ஓட்டினேன். புகையில் பஜ்ஜி வாசம் வந்ததே தவிர வேறு குறையில்லை.

மார்கழி பிறந்தது, வினையும் வந்தது. காலையில் ஸ்டார்ட் ஆகவே இல்லை. ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே வனஸ்பதி மாதிரி வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. மெக்கானிக் அண்ணன், டீசலை என்ஜினுக்குள் தூவும் நாசிலையும் கழற்றிக் காட்டினார், முனையெல்லாம் கரி. அவர் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டாம்.

தாவர எண்ணெய் டீசலைவிடச் சுமார் பத்து மடங்கு கெட்டி, 70, 80 டிகிரிக்குச் சூடாக்கினால்தான் சரியாகத் தூவும் என்பது இப்போதுதான் புரிந்தது. அதனால் இரண்டு டேங்க் வைக்கப்போகிறேன். டீசலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் எண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் மறுபடி டீசல்.

என் சந்தேகம் இதுதான்: ரேடியேட்டர் சுடுதண்ணீரில் எண்ணெயைச் சூடாக்கும் காயிலை எங்கே பொருத்தினீர்கள், ஃபில்டருக்கு முன்பா பின்பா? அப்புறம், பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாகக் கீழே இறங்கும் எண்ணெய் என்ஜின் ஆயிலைக் கூழாக்கிவிடுமாமே, ஆயிலை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள்?

மெத்தனால், காஸ்டிக் சோடா போட்டு பயோடீசல் காய்ச்சச் சொல்லாதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் போட்டோ போட்டால் புண்ணியமாகப் போகும்.